லைன் ரிலே: ட்ரிப் தவிர மற்றதையும் சோதிப்பது எப்படி?

மின்பாதையில் பழுது வந்தால் பிரேக்கரைத் திறக்கச் சொல்வது, அதாவது ட்ரிப் கொடுப்பது, லைன் ரிலே. பழுது எவ்வளவு தூரத்தில் என்று பார்த்து ட்ரிப் கொடுக்கும் அதன் டிஸ்டன்ஸ் ஸோன்களை நாள் முழுக்கச் சோதித்துவிட்டு, மீட்டரிங், அலாரம், பிரேக்கர் கண்ட்ரோல் மூன்றையும் கடைசி அரைமணியில் முடிப்பவர்கள் உண்டு. நான் மீட்டரிங்கில்தான் ஆரம்பிப்பேன்.

சிடி (லைன் கரண்டைக் குறைத்து ரிலேக்குத் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) 800/1, பிடி (அதேபோல் வோல்டேஜைக் குறைத்துத் தருவது) 110 கிலோவோல்ட்/110 வோல்ட் என்றால், ரிலேக்கு மூன்று ஃபேஸிலும் 0.5 ஆம்பியர், 63.5 வோல்ட், கோணம் பூஜ்யம் கொடுங்கள். திரையில் 400 ஆம்பியர், சுமார் 76 மெகாவாட் வர வேண்டும். 80 ஆம்பியர் காட்டினால் செட்டிங்கில் யாரோ 800/5 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் சிடி போலாரிட்டி, அதாவது அதன் முனைகள் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்பது, இதில் தெரியாது. லோடு ஏறிய பிறகு மெகாவாட்டின் திசையைப் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம் அலாரம். பிரேக்கரை மூடும் ஸ்பிரிங் சார்ஜ் ஆகவில்லை என்ற அலாரத்துக்கு டிலே வைக்க மறந்து, ஒவ்வொரு குளோஸுக்கும் ஹாரன் அடிக்க, ஆபரேட்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மோட்டார் ஸ்பிரிங்கை ஏற்ற எத்தனை நொடி என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 12 நொடி என்றால் டிலே 20. ட்ரிப் வயரிங் அறுந்தால் அலாரம் தரும் ட்ரிப் சர்க்யூட் சூப்பர்விஷனைச் சோதிக்க, ட்ரிப் காயில் வயர் ஒன்றைக் கழற்றுங்கள். பிரேக்கர் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் அலாரம் வருகிறதா? ஒரே நிலையில் மட்டும் வந்தால் வயரிங் பாதிதான்.

கண்ட்ரோல் சுலபம். லோக்கலில் வைத்து ரிமோட் கட்டளை கொடுங்கள், மறுக்க வேண்டும். சின்க் செக் (பிரேக்கரின் இரு பக்க வோல்டேஜும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) சரியில்லாதபோது குளோஸ் கொடுங்கள், அதையும் மறுக்க வேண்டும். கழற்றிய வயரைத் திரும்ப மாட்டினீர்களா?