1991-இன் அந்நியச் செலாவணி நெருக்கடியைக் கணக்கோடு படிப்பது எப்படி?

இந்தியா 1991-இல் சந்தித்த அந்நியச் செலாவணி நெருக்கடியைப் பற்றிப் பேசுவோர் பலர், நாட்டின் தங்கத்தை அடகு வைத்தார்கள், மன்மோகன் சிங் வந்தார், நிலைமை சீரானது என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள். பழைய நாளிதழ்த் தொகுப்பையோ அந்தக் காலத்து அரசு ஆவணங்களையோ புரட்டத் தொடங்கினால், இந்த மூன்று வரிகளுக்குள் அடங்காத எண்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றில் தடுமாறாமல் படிப்பதற்கான வழியையே இங்கே எழுதுகிறேன். 1991 ஜூலை 24 அன்று மக்களவையில் நிகழ்த்தப்பட்ட நிதிநிலை அறிக்கை உரை, 1991-92-க்கான பொருளாதார ஆய்வறிக்கை, ஒரு கணக்குப் பொறி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.

முதலில் ஒரு தாளில் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். 1991 ஜூலையிலிருந்து தொடங்க வேண்டாம். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஜூலையில் பீப்பாய்க்குச் சுமார் 17 டாலராக இருந்த கச்சா எண்ணெய் அக்டோபரில் 40 டாலருக்கு மேல் ஏறியது. குவைத்திலும் ஈராக்கிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு அனுப்பிய பணமும் நின்றுபோனது. அதன் பக்கத்திலேயே அரசியல் தேதிகளையும் எழுதுங்கள்: 1990 நவம்பரில் வி.பி. சிங் அரசு கவிழ்ந்தது. 1991 மார்ச்சில் சந்திரசேகர் பதவி விலகினார். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் 21 அன்று நரசிம்ம ராவ் பொறுப்பேற்றார். முழுமையான நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்ய முடியாத அரசுக்குக் கடன் கொடுப்பவர்கள் ஏன் தயங்கினார்கள் என்பது, இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

அடுத்து, கையிருப்பு என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் சற்று நிதானியுங்கள். ஓர் ஆவணம் தங்கத்தையும் சேர்த்துச் சொல்லும். மற்றொன்று வெளிநாட்டு நாணயத்தை மட்டும் சொல்லும். 1991 மார்ச் இறுதியில் தங்கத்தைச் சேர்த்தால் சுமார் 580 கோடி டாலர்; நாணயமாக மட்டும் பார்த்தால் சுமார் 220 கோடி டாலர். எண்ணெய்க் கப்பலுக்குப் பணம் கட்ட உதவுவது இரண்டாவது எண்தான். இதில் இன்னொரு வலையும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி தன் தங்கத்தை 1990 அக்டோபர் வரை 10 கிராமுக்கு 84 ரூபாய் 39 காசு என்ற பழைய விலையிலேயே கணக்கில் வைத்திருந்தது. அதன் பிறகே சந்தை விலைக்கு மாற்றியது. எனவே அந்த மாதத்தையொட்டிக் கையிருப்பு திடீரென உயர்ந்ததாகத் தெரிந்தால், வெளியிலிருந்து ஒரு டாலர்கூடப் புதிதாக வந்ததாக எண்ணிவிடாதீர்கள்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுமார் 2,500 கோடி ரூபாய்க் கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்கே போதும் என்று ஜூலை 24 உரையில் சொல்லப்பட்டது. 1990-91-இல் இறக்குமதி ஏறத்தாழ 2,400 கோடி டாலர். அதாவது மாதத்துக்கு 200 கோடி டாலர். டாலருக்கு அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதமான 18 ரூபாயால் 2,500 கோடியை வகுத்தால் 139 கோடி டாலர் வரும். அது மூன்று வாரத்துக்குப் போதும். உரை பொய் சொல்கிறதா? இல்லை. ஜூலை 24 அன்று டாலர் ஏறத்தாழ 26 ரூபாய். அந்த விகிதத்தில் வகுத்தால் 96 கோடி டாலர்தான் வரும். பதினான்கு நாள் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ரூபாயில் சொல்லப்பட்ட எந்தத் தொகையையும் அது சொல்லப்பட்ட நாளின் விகிதத்திலேயே மாற்ற வேண்டும்.

கையிருப்பு இதற்கும் கீழே போகாமல் இருந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். 1991 ஜனவரியில் பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து (ஐ.எம்.எஃப்.) சுமார் 180 கோடி டாலர் வந்தது. அது போதாமல், ஏப்ரலில் எல்.சி. (சரக்கு விற்பவருக்குப் பணம் கிடைக்கும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க விரும்பிய இறக்குமதியாளர்கள் பல சரக்குகளுக்கு அவற்றின் மதிப்பைப் போல் இரு மடங்கு ரொக்கத்தை வங்கியில் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இப்படி இறக்குமதியை நெரித்ததில் மூலப்பொருளை நம்பியிருந்த தொழிற்சாலைகளும் சேர்ந்தே மூச்சு முட்டின. என்னைக் கேட்டால், தங்கத்தைவிட இந்த விதிதான் நெருக்கடியின் உண்மையான முகம்.

தங்கத்தைப் பொறுத்தவரை, நடந்தவை இரண்டு நிகழ்ச்சிகள் என்பதை மறக்க வேண்டாம். மே மாதத்தில், சந்திரசேகரின் காபந்து அரசு இருந்தபோது, கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதலான 20 டன் தங்கத்தைப் பாரத ஸ்டேட் வங்கி, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு சுவிஸ் வங்கியொன்றுக்கு விற்றது. சுமார் 20 கோடி டாலர் கிடைத்தது. ஜூலையில், நரசிம்ம ராவ் அரசில், ரிசர்வ் வங்கி தன் சொந்தக் கையிருப்பிலிருந்து சுமார் 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் ஈடாக வைத்துச் சுமார் 40 கோடி டாலர் பெற்றது. இரண்டையும் கூட்டி, 67 டன்னையும் ஒரே அரசு அடகு வைத்ததாக எழுதுவோர், விற்பனையையும் அடகையும் கலப்பதோடு இரண்டு பிரதமர்களையும் கலந்துவிடுகிறார்கள்.

ரூபாய் மதிப்புக் குறைப்பும் ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு தவணையாகவே நடந்தது. ஒரு கட்டுரை அதை 19 சதவீதம் என்றும் இன்னொன்று 23 சதவீதம் என்றும் சொன்னால் குழம்ப வேண்டாம். டாலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாயை நெருங்கியது. ரூபாயின் பக்கமிருந்து பார்த்தால் இழந்தது 19, டாலரின் பக்கமிருந்து பார்த்தால் ஏறியது 23.

காரணங்களை எடைபோடும்போது குவைத் போர் மீதே முழுப் பழியையும் போடுவது எளிது. ஆனால் 1990-91-இல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தைத் தாண்டியது என்று அதே உரை சொல்கிறது. எழுபதுகளின் நடுவில் அது 4 சதவீதம். பத்தாண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்த சுமை அது. போர் அதன் மீது விழுந்த கடைசி மூட்டை.

கடைசியாக, உரையில் அறிவித்தது அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொள்ளாமல், ஆகஸ்ட் மாத இதழ்களையும் புரட்டுங்கள். அன்று 40 சதவீதம் உயர்த்தப்பட்ட உர விலை, சொந்தக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்ததால் சில வாரங்களில் 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது.