காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வால்யூம் பட்டனையும் அமுக்குங்க: கண்ணு தெரியாதவங்க டேப்லெட்டும் டிவி ஸ்டிக்கும் தானே செட் பண்ற முறை

எனக்கு பிறவியிலயே பார்வை கிடையாது, வீடு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம். இத எழுதறதுக்கு காரணம் எங்க சித்தப்பா. நாட்டுப்படகுல தொழிலுக்குப் போனவரு, சுகர்ல கண்ணு போயி நாலு வருஷமாச்சு, ஆனா காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு கச்சான் காத்தா வாடைக் காத்தான்னு யார்கிட்டயாவது கேக்காம அவருக்கு பொழுது விடியாது. போன மாசம் அவரு மகன் ஒரு விலை கம்மி டேப்லெட் வாங்கிக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டான். சித்தப்பா அத தடவிப் பாத்துட்டு "என்னப்பு இது, சிலேட்டு மாதிரி வழுவழுன்னு இருக்கு, இத வச்சு நான் என்ன பண்ண"ன்னாரு. ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, வீட்ல வேற ஆளும் இல்ல, நாங்களே உக்காந்து செட் பண்ணோம். அத அப்படியே சொல்றேன்.

முதல்ல கடையில. ஆண்ட்ராய்டு டேப்லெட்டா இருந்தா டாக்பேக்னு ஒரு ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் உள்ளயே இருக்கும், ஸ்கிரீன்ல இருக்கறத வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், 2009ல இருந்தே ஆண்ட்ராய்டுல இருக்கு, தனியா காசு கிடையாது. ஆனா பேரு தெரியாத மலிவு மாடல் சிலதுல அத தூக்கிடறாங்க. அதனால டெமோ பீஸ கையில வாங்கி ரெண்டு வால்யூம் பட்டனையும் ஒண்ணா மூணு செகண்டு அமுக்கிப் பிடிங்க. டேப்லெட்ல அது பெரும்பாலும் ரெண்டு பட்டனா இல்லாம ஒரே நீளக் கட்டையா இருக்கும், நடுவுல அமுக்கினா வேலைக்கு ஆகாது, ரெண்டு முனையிலயும் ரெண்டு விரல வச்சு அமுக்கணும். பேசுச்சுன்னா, இல்ல மறுபடி அமுக்கவான்னு கேட்டுச்சுன்னா நல்லது. ஒண்ணும் நடக்கலேன்னா செட்டிங்ஸ்ல ஆக்ஸஸிபிலிட்டிக்குள்ள டாக்பேக்னு பேரு இருக்கான்னு கடைக்காரர வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க, இல்லேன்னா வச்சிட்டு வந்துருங்க. ஒரு கடையில என்கிட்ட "உங்களுக்கு எதுக்கு சார் டேப்லெட்"னே கேட்டான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு, அத அவன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, நான் பாட்டுக்கு பட்டன அமுக்கிக்கிட்டே நின்னேன்.

ரேம் 2 ஜிபின்னா வேண்டாம். ஓடும், ஆனா விரல நகத்தி ஒரு மூச்சு விட்ட பிறகுதான் குரல் வரும், புதுசா பழகறவங்க அதுலயே வெறுத்துப் போயிருவாங்க. 4 இருந்தா போதும். இயர்போன் ஓட்டை இருக்கான்னும் தடவிப் பாத்துக்கங்க.

ஸ்டெப் 1. ஆன் பண்றதுக்கு முன்னாடி டேப்லெட்ட மடியில வச்சு சுத்தியும் தடவுங்க. பவர் எங்க, வால்யூம் எங்க, சார்ஜர் ஓட்டை எங்க, பின்னாடி கேமரா மேடு எந்த மூலையில. சித்தப்பாவுக்கு இது சொல்லியே குடுக்க வேண்டியதில்ல, இருட்டுல வலை பிரிச்ச கை.

ஸ்டெப் 2. பவர அமுக்கி ஒரு நிமிஷம் விடுங்க. முதல் ஸ்கிரீன் வந்திருக்கும், நமக்குத்தான் தெரியாது. இப்ப அதே மாதிரி ரெண்டு வால்யூமும் மூணு செகண்டு. சிலதுல ஒரு தடவ அமுக்கினதும் "திரும்ப அமுக்கினா டாக்பேக் ஆன் ஆகும்"னு சொல்லும், திரும்ப அமுக்குங்க. குரல் வந்துருச்சுன்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஸ்டெப் 3. விரல் பழக்கம். இதுல அவசரப்படாதீங்க, நாங்க ரெண்டு நாள் இதுல மட்டும்தான் உக்காந்தோம். ஒரு விரல ஸ்கிரீன் மேல மெதுவா இழுத்துக்கிட்டே போனா அடியில என்ன இருக்கோ அத வாசிக்கும். ஒரு விரலால வலது பக்கம் சட்டுனு தள்ளினா அடுத்தது, இடது பக்கம் தள்ளினா முந்தினது. நமக்கு வேண்டியது வாசிச்சதும் ஸ்கிரீன்ல எங்க வேணா ரெண்டு தட்டு, அது திறந்துக்கும். அந்த ஐகான் மேலயே தட்டணும்னு இல்ல, இதத்தான் சித்தப்பா நம்பவே மாட்டேன்னாரு, ஒவ்வொரு தடவையும் திரும்ப அதே இடத்தத் தேடிப் போயி தட்டி, விரல் வேற எதுலயோ பட்டு, வேற எதுவோ திறந்து, ஒரே ரகள. லிஸ்ட்ட மேல கீழ தள்ள ரெண்டு விரல். முன்னாடி பக்கத்துக்குப் போக ஒரு விரலால கீழ இழுத்து தூக்காம அப்படியே இடது பக்கம். ஹோமுக்கு மேல தள்ளி இடது. பாட்டோ செய்தியோ ஓடும்போது ரெண்டு விரலால ரெண்டு தட்டு தட்டினா நிக்கும், திரும்பத் தட்டினா ஓடும்.

கடக்கரை ஆளுங்களுக்கு ஒண்ணு. உப்புக்காத்துல ஸ்கிரீன் மேல பிசுபிசுன்னு ஒரு படலம் ஏறிரும், விரல் வழுக்காம ஒட்டி ஒட்டிப் போகும், நாம தள்ளறத அது இழுக்கறதா எடுத்துக்கும். பழகத் தெரியலன்னு நினைச்சு நொந்துக்காதீங்க, வேட்டி நுனியால ஒரு தொட, சரியாயிரும். சார்ஜர் ஓட்டைக்கும் ஒரு ரப்பர் மூடி போடுங்க, இங்க எல்லாமே துருப்பிடிக்கும்.

ஸ்டெப் 4. வைஃபை, கூகுள் அக்கவுண்ட். பாஸ்வேர்டு போடும்போது எழுத்துக்குப் பதிலா புள்ளி புள்ளின்னு சொல்லலாம், தப்பா அடிக்கறோமோன்னு பயப்பட வேண்டாம். எழுத்தச் சொல்ல வைக்க டாக்பேக் செட்டிங்ஸ்ல வழி இருக்கு, அதப் போட்டா இயர்போனும் மாட்டிக்கங்க, திண்ணையில நாலு பேரு இருப்பாங்க.

ஸ்டெப் 5. தமிழ்க் குரல். செட்டிங்ஸ்ல டெக்ஸ்ட் டு ஸ்பீச்னு, எழுத்த குரலா மாத்தறது, ஒண்ணு இருக்கும், அதுல கூகுள் இன்ஜின எடுத்து பக்கத்துல இருக்கற செட்டிங்ஸ் பட்டன ரெண்டு தட்டு தட்டி, இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டாவுக்குள்ள தமிழ எடுத்து டவுன்லோடு பண்ணுங்க. இத விட்டுட்டீங்கன்னா கரண்டு போயி வைஃபை நிக்கும்போது குரலும் கூடவே நின்னாலும் நிக்கும். இங்கிலீஷ் குரல்லயே தமிழ் செய்தி வாசிக்க விட்டா கண்டதையும் உளறும், இல்ல தாண்டிப் போயிரும். மூணு விரலால ஒரு தட்டு தட்டினா டாக்பேக் மெனு வரும், அதுல பேசற மொழிய மாத்திக்கலாம். வேகத்த முதல்ல குறைச்சு வைங்க. நான் கேக்கற வேகத்தக் கேட்டுட்டு சித்தப்பா "ஏலம் விடறானா"ன்னு கேட்டாரு.

ஸ்டெப் 6. ஆப்ஸ் லிஸ்ட்ல டாக்பேக், இல்லேன்னா ஆண்ட்ராய்டு ஆக்ஸஸிபிலிட்டி சூட்னு இருக்கும். அதோட பேட்டரி செட்டிங்ல கட்டுப்பாடு இல்லாம ஓடட்டும்னு மாத்திருங்க. மலிவு டேப்லெட் பேட்டரிய மிச்சம் பிடிக்கறேன்னு டாக்பேக்கையே கொன்னுரும், நடுவுல குரல் செத்துப்போனா ஒண்ணும் பண்ண முடியாது, மறுபடி வால்யூம் ரெண்டையும் அமுக்கித்தான் எழுப்பணும்.

டாக்பேக் மெனுவுல ஸ்கிரீன மறைக்கறதுக்கும் ஒண்ணு இருக்கு. வெளிச்சம் நமக்கு எதுக்கு, பேட்டரியும் கொஞ்சம் நிக்கலாம். ஆனா வீட்ல சொல்லிட்டுப் பண்ணுங்க. சித்தப்பா மகன் லீவுல வந்தவன் ஸ்கிரீன் கருப்பா இருக்கறதப் பாத்து டேப்லெட் செத்துப்போச்சுன்னு ராம்நாட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டான், கடையில வச்சு அது "பேட்டரி 82 சதவீதம்"னு பேசவும்தான் திரும்பி வந்தான்.

இப்ப சித்தப்பா கீபோர்டுல மைக்க எடுத்து தமிழ்லயே பேசித் தேடறாரு. காத்து, அலை எல்லாம் ஐதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் நிறுவனம் கணிச்சுச் சொல்றதுதான், அது எழுத்தா வந்தா டாக்பேக் அழகா வாசிச்சிரும். ஆனா எங்க ஊரு வாட்ஸப் குரூப்ல அத போட்டோவா எடுத்துப் போடறாங்க, டாக்பேக் "படம்"னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிருது. அட்மினுக்கு நாலு தடவ சொல்லியாச்சு, டைப் பண்ணிப் போடுங்கய்யான்னு. சில ஆப்ல பட்டன்களுக்கு பேரே இருக்காது, வெறும் பட்டன்னு மட்டும் வாசிக்கும். ஒரு தடவ தட்டி அது என்னன்னு கண்டுபிடிச்சிட்டா, டாக்பேக் மெனுவுலயே அதுக்கு நீங்க பேரு வச்சுக்கலாம், எல்லாத்துக்கும் முடியாது, பலதுக்கு முடியும்.

கீழக்கரைப் பக்கம் கல்ஃப்ல இருந்து அமேசானோட ஃபயர் டேப்லெட் கொண்டாந்து குடுக்கறாங்க. அதுல இருக்கறது டாக்பேக் இல்ல, வாய்ஸ்வியூ. பவர் பட்டன சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கிட்டு, ரெண்டு விரல கொஞ்சம் தள்ளித் தள்ளி ஸ்கிரீன்ல அஞ்சு செகண்டு வச்சிருந்தா பேசும்.

கடைசியா டிவி. டிவியோட எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகற ஃபயர் டிவி ஸ்டிக்லயும் வாய்ஸ்வியூதான். ரிமோட்ல வட்டத்துக்குக் கீழ மூணு பட்டன் வரிசையா இருக்கும், இடது பேக், நடுவுல ஹோம், வலது மெனு. பேக்கையும் மெனுவையும் ஒண்ணா ரெண்டு செகண்டு அமுக்குங்க, பேச ஆரம்பிச்சிரும். கதைச் சுருக்கம் மாதிரி நீளமா இருக்கறத வாசிக்க மெனு பட்டன மட்டும் ரெண்டு செகண்டு அமுக்கிப் பிடிங்க, ரிவ்யூ மோடு வரும். கூகுள் டிவியா இருந்தா செட்டிங்ஸ்ல ஆக்ஸஸிபிலிட்டிக்குள்ள டாக்பேக், அத முதல் தடவ ஆன் பண்ண கண்ணு தெரிஞ்சவங்கள ஒரு கை கூப்பிட்டுக்கங்க. ஆண்ட்ராய்டு பாக்ஸ்னு மலிவா விக்கற டப்பா ஒண்ண நான் வாங்கி ஏமாந்தேன், உள்ள டாக்பேக்கும் இல்ல, பேசற இன்ஜினும் இல்ல, இப்ப அது பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சிருக்கேன்.

ஸ்டிக்குக்கு கரண்ட டிவியோட யூஎஸ்பில இருந்து எடுக்காதீங்க, பத்தாம அணைஞ்சு அணைஞ்சு எரியும், கூட வர்ற அடாப்டர்லயே போடுங்க. இன்னொரு பெரிய தலைவலி, ஸ்டிக் பேசினாலும் டிவி கேபிள் சேனல்லயே நின்னுக்கிட்டு இருந்தா நமக்கு எதுவும் கேக்காது. டிவி செட்டிங்ஸ்ல எச்டிஎம்ஐ சிஇசின்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒவ்வொரு பேரு வச்சிருப்பான், அத ஒரு தடவ யாரையாவது ஆன் பண்ணச் சொல்லிருங்க. அப்புறம் ஸ்டிக் ரிமோட்ல ஹோம அமுக்கினா பெரும்பாலும் டிவியே இந்தப் பக்கம் மாறிக்கும். சித்தப்பா வீட்டு டிவி பழசு, அதுல இது இல்ல, அதனால டிவி ரிமோட்ல சோர்ஸ் பட்டன் மேல நைலான் நூல ஒரு முடிச்சு போட்டு கட்டியிருக்கோம், மூணு தடவ அமுக்கினா ஸ்டிக்.