வாய்க்கால் பாலத்துக்கு இரு கரையிலும் ஒரே மட்டம் பிடிப்பது

ஜெர்மனியின் தென்கோடியில், ரைன் ஆற்றங்கரையில் லௌஃபன்புர்க் என்றொரு சிற்றூர். எதிர்க்கரை ஊருக்கும் அதே பெயர்தான், ஆனால் அது சுவிட்சர்லாந்து. ஒன்றாக இருந்த ஊர் நெப்போலியன் காலத்தில், 1801 உடன்படிக்கையோடு இரண்டானது. 2003-ல் அங்கே புதுப் பாலம் கட்டும்போது, இரு பக்கத்து மட்டமும் 54 செ.மீ. மாறியிருப்பது தெரிந்தது. நம் கணக்கில் ஒன்றேமுக்கால் அடி!

ஜெர்மானியர்களின் உயரக் கணக்கு ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்தில் தொடங்குகிறது, சுவிஸ்காரர்களுடையது மார்சேய் கடல்மட்டத்தில். இரண்டுக்கும் 27 செ.மீ. வித்தியாசம். இது தெரிந்தே திருத்தமும் போட்டார்கள். கூட்டலும் கழித்தலும் இடம் மாறியதால் 27 போய் 54 வந்தது. சரிசெய்து 2004-ல் திறந்தார்கள்.

வயலுக்கு டிராக்டர் போக வாய்க்காலில் சிலாப் போடும்போதும் இதே வம்பு வரும். (அரசு வாய்க்கால் என்றால் முதலில் நீர்வளத்துறை அனுமதி.) இந்தக் கரையில் மதகுச் சுவரிலிருந்து அளக்கிறார்கள், அந்தக் கரையில் ஒரு வீட்டு வாசற்படியிலிருந்து. வாசற்படி மதகைவிட 9 அங்குலம் உயரம் என்று வைப்போம். மதகுக்கு மேல் 24 அங்குலத்தில் சிலாப் வேண்டுமென்றால், வாசற்படியிலிருந்து 15 அங்குலம்தான். வித்தியாசத்தை மறந்து 24 வைத்தால் 9 அங்குலம் பிசகும். கழிக்காமல் கூட்டி 33 வைத்தால் 18 பிசகும். அரைகுறைத் திருத்தத்துக்கு மறதியே தேவலை.

ஆகவே இரு கரைக்கும் உயரம் அளக்கும் குறி ஒன்றே ஒன்று போதும். மூங்கில் முளையை நம்பாதீர்கள். டெல்டாக் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். சாலையும் வேண்டாம், மறுபடி தார் போட்டால் உயர்ந்துவிடும். பழைய மதகுச் சுவரில் உளியால் வெட்டிப் பெயிண்ட் அடியுங்கள்.

அக்கரைக்கு மட்டம் கடத்த ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். 6 மீட்டர் வாய்க்காலுக்குக் குறைந்தது 12 மீட்டர் ஒளி ஊடுருவும் குழாய் வாங்குங்கள். உயரத்தில் வைத்த வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்பினால் குமிழி குறையும். நிரப்பியதும் இரு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கவில்லையா? உள்ளே காற்று இருக்கிறது, தட்டி வெளியேற்றுங்கள். குழாய் தொங்கலாம், நடுவில் மேடாக வளையக் கூடாது. அங்கேதான் காற்று தங்கும். நடக்கும்போது கட்டைவிரலால் முனைகளை அடைத்து, பார்க்கும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும். ஒரு முனையை அடைத்தபடியே குறி போடுவதுதான் வழக்கமான தவறு. ஆட்டம் நின்றதும் நீர்வளைவின் (குழாய்க்குள் தண்ணீர் மேற்பரப்பின் குழிவு) அடியைப் பாருங்கள்: இக்கரையில் அது மதகுக் குறிக்கு நேராக நிற்கும்போது, அக்கரையில் அது நிற்கும் இடத்தில் குறி போடுங்கள். காலையிலேயே முடிப்பது நல்லது: ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் லேசாகி உயர்ந்து நிற்கும்.

பிறகு முனைகளைக் கரை மாற்றி மறுபடி பாருங்கள். இரண்டு முறை போட்ட குறிகளுக்கும் 2 நூலுக்கு (கால் அங்குலத்துக்கு) மேல் வித்தியாசம் இருந்தால் தண்ணீரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

கொள்ளிடம் போன்ற அகல ஆற்றுக்கு இது ஆகாது. சர்வேயர் கருவியை இரு கரையிலும் மாற்றி வைத்து, கிடைத்த இரண்டு வித்தியாசங்களின் சராசரியை எடுக்க வேண்டும்.

கான்கிரீட் ஊற்றும் முன் கரைக்குக் கரை நூல் கட்டி, நடுவில் ரசமட்டம் தொங்கவிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.