கிராவிகார்டு கற்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கோரா இசையில் மனதைப் பறிகொடுத்து, அதையே மின்கருவியாக வாசிக்க முடியுமா என்று தேடுபவர்கள் பலரும் கடைசியில் கிராவிகார்டிடம் வந்து சேர்வார்கள். அமெரிக்கரான ராபர்ட் கிராவி 1986-இல் உருவாக்கிய, யாழ் போன்ற மின் ஹார்ப் இது. 24 நைலான் தந்திகள், வெல்டிங் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயாலான சட்டகம், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குள் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் ஒரு பீசோ பிக்கப். அவ்வளவுதான். சுரைக்குடுவையும் கிடையாது, தோலும் கிடையாது.

அதனால், இதைக் கரண்ட் கொடுத்த கோரா என்று நினைத்துவிடக் கூடாது. கோரா என்பது பாதியாக வெட்டிய பெரிய சுரைக்காய் மேல் மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்திகள் கட்டிய கருவி. காம்பியா, செனகல், மாலி, கினி ஆகிய நாடுகளின் மாண்டிங்கா இசைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருவது. சிலாபா, ஹார்டினோ, சவுதா என்று அதற்கென்றே சுருதி முறைகள் உண்டு. கிராவிகார்டு வழக்கமாக ஜி மேஜரில் சுருதி சேர்க்கப்படுவது. மெல்லிய உலோக நாக்குகளைக் கட்டை விரலால் மீட்டி வாசிக்கும் ஆப்பிரிக்கக் கருவியான எம்பிராவுக்கும் இது உறவுக்காரன். மாலியின் கோராக் கலைஞர் துமானி டியாபாடேயின் பதிவைப் போட்டுக்கொண்டு, அவர் விரல் எந்தத் தந்திக்குப் போகிறதோ அதே எண் தந்தியைத் தேடினால் ஒன்றும் பொருந்தாது. பாட்டைக் காதால் வாங்கிக்கொண்டு, விரலுக்கான வழியை இந்தக் கருவியிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, நான் அதிகம் பார்க்கும் தவறு. கிடார் வாசித்தவர்கள் வலது கைக்கு வேலை கொடுத்துவிட்டு இடது கையைச் சும்மா வைத்திருப்பார்கள். இங்கே தந்திகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு கைக்கும் ஒன்று. ஸ்வர வரிசையே இரண்டு கைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மீட்டும், மற்ற விரல்கள் கைப்பிடியைப் பற்றியிருக்கும். இரண்டு கைகளும் தனித்தனித் தாளத்தில் போவதற்காகவே கிராவி இதை இப்படி வடிவமைத்தார். ஒரு கையால் மெட்டு, மறு கையால் எப்போதாவது ஒரு பாஸ் என்று வாசித்தால் கருவியின் பாதி உயிர் போய்விடும்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். மெதுவாகப் பன்னிரண்டு வரை எண்ணுங்கள். இடது கட்டை விரல் 1, 4, 7, 10-இல் ஒரே தந்தியை மீட்டட்டும். வலது கட்டை விரல் 1, 5, 9-இல். முதலில் இரண்டும் முட்டிக்கொள்ளும். 4, 5 வரும் இடத்தில் கை தடுமாறும். வேகத்தைக் கூட்டாமல், எண்ணிக்கை மறந்து போகும்வரை அப்படியே விடாமல் சுற்றுங்கள். நாலும் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கேட்கத் தொடங்கும் அந்த நிமிடம் அவ்வளவு இனிமையானது! அதுவரை புதுப் பாட்டு எதையும் தொட வேண்டாம். கோராக் கலைஞர்களும் கும்பெங்கோ என்ற திரும்பத் திரும்ப வரும் அடிப்படைச் சுற்றில் நிலைத்த பிறகுதான் பிரிமிந்திங்கோ என்ற வேக ஓட்டங்களுக்குப் போகிறார்கள். நாம் ஓட்டத்தில் மயங்கி அங்கிருந்தே தொடங்குகிறோம்.

அப்புறம், ஒலி. பீசோ பிக்கப்பை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகிவிட்டு, "சத்தம் தகரம் மாதிரி இருக்கிறதே" என்று கருவியைக் குறை சொல்பவர்கள் உண்டு. தவறு கருவியில் இல்லை. பீசோவுக்கு மிக அதிக இம்பீடன்ஸ் (மின்மறிப்பு) உள்ள இன்புட் வேண்டும், குறைந்தது ஒரு மெகாஓம். அது இல்லாவிட்டால் கீழ்ஸ்தாயி கரைந்துபோய் மேல்ஸ்தாயி மட்டும் மிஞ்சும். நடுவில், சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் நல்ல ப்ரீஆம்ப் ஒன்றை வையுங்கள். பிக்கப்பிலிருந்து அதுவரை போகும் கேபிள் சிறியதாக இருக்கட்டும். மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். உலோகச் சட்டகத்தில் அது இடித்தால் அந்த அதிர்வு பிக்கப்புக்குப் போய் 'டொக்' என்று ஸ்பீக்கரில் கேட்கும்.

ரிவர்ப், டிலே எல்லாம் கொஞ்சமாகப் போதும். மீட்டிய தந்தியைப் பெரும்பாலும் அணைப்பதில்லை, அது தானாகவே நீண்டு ஒலிக்கும். அதன் மேல் எதிரொலியையும் கொட்டினால், பாடுபட்டுப் பழகிய நாலும் மூன்றும் ஒரே கூழாகிவிடும்.

தந்தி மாற்றும்போது, சத்தம் பளிச்சென்று வரும் என்று நைலானுக்குப் பதில் எஃகுத் தந்தி கட்டாதீர்கள். அதன் இழுவிசை மிக அதிகம். இந்தக் குதிரையும் சட்டகமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புது நைலான் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கச்சேரிக்கு முந்தின நாள் 24 தந்தியையும் மாற்றிவிட்டு மேடையில் திண்டாட வேண்டாம். ஒரு வாரம் முன்னதாகவே மாற்றி, தினமும் காலையில் ஒருமுறை சுருதி சேர்த்து வையுங்கள்.