மாசியில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்கக் கரிசல். வெயில் காலத்தில் விரல் நுழைகிற அளவு வெடிக்கும், எடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை பிடித்தால் காலில் கிடக்கிற செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். இதில்தான் பதினாறு வருஷமாகக் கிழங்குப் பூச்செடி வளர்க்கிறேன்.

டூலிப் வேண்டாம். ஸ்ரீநகரில் அது பூப்பது, மூன்று நாலு மாதம் மண்ணுக்குள் குளிர் கிடைப்பதால். ஃப்ரிட்ஜில் வைத்து நட்டாலும் ஒருமுறை பூக்கும், பிறகு நம் வெயிலில் கிழங்கு வீண். நம் ஊருக்கு அமரில்லிஸ், பந்து போலச் சிவப்பாகப் பூக்கிற மேமாசப்பூ, மழை லில்லி மூன்றும் போதும். நெல்லுக்குச் சொல்வோமே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று, இவற்றுக்கும் அதுதான். மார்கழியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்றில் மண் காயும், கிழங்கு உறங்கும். கோடை மழை விழுந்ததும் எழும்பும்.

அந்த உறக்கத்தைக் கெடுக்காதீர்கள். மூன்றாம் வருஷம், பாவம் காய்கிறதே என்று மாசி முழுக்க தினம் ஒரு செம்பு ஊற்றினேன். பங்குனியில் தோண்டிப் பார்த்தால் பன்னிரண்டு அமரில்லிஸில் ஒன்பது கூழாகி நாறிப்போயிருந்தது. அன்றைக்கு அழுதேன்.

மாசிக் கடைசியில் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். இரண்டு கூடை கரிசலுக்கு ஒரு கூடை மணல், அரைக்கூடை ஓட்டுச் சில்லு, ஒரு கூடை நன்றாக மக்கின சாணி எரு. பச்சைச் சாணி கிழங்கில் படவே கூடாது. அமரில்லிஸ் கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியட்டும். மேமாசப்பூவை மாமர நிழலில், கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். அடிக்கடி இடம் மாற்றினால் பூக்காமல் நின்றுவிடும். மழை லில்லியை இரண்டு விரல் ஆழத்தில் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து நடலாம், அதற்கு வேறு பாடு இல்லை.

நட்டதும் தண்ணீர் வேண்டாம். சித்திரை பாதி வரை மழை வராவிட்டால் மட்டும் ஒரு குடம். மொட்டு மூக்கு நீட்டியபின் வாரம் இரண்டு தடவை ஊற்றலாம்.

பூ வாடினால் தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையை வெட்டாதீர்கள், அடுத்த வருஷப் பூவுக்கான சத்தை அந்த இலைதான் கிழங்கில் சேர்க்கிறது. முற்றம் சுத்தமாக இருக்கட்டும் என்று இலையை அரிந்துவிட்டு, பூக்கவில்லையே என்று வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. மழைக்காலத்தில் கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி வைத்த புழு வரும். இரண்டே நாளில் இலையைத் தின்றுவிடும். காலையில் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கார்த்திகை முடிந்ததும் நீரை நிறுத்துங்கள்.

இந்தக் கிழங்குகள் விஷம். பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும், தின்றால் வாந்தி எடுக்கும். நான் இவற்றைத் தனி முறத்தில் காயவைத்து, சமையலறைப் பக்கமே கொண்டுபோகாமல் மாட்டுக்கும் எட்டாமல் பரணில் வைக்கிறேன்.