பெரிய அருவா வாங்கி சேக்கணும்னா

கத்தி சேக்கிற ஆசை வந்ததும் நெறய பேரு செய்யிற மொத வேலை, ஆன்லைன்ல பளபளன்னு மின்னுற வாள் மாதிரி ஒண்ண ஆர்டர் போடறது. செவுத்துல மாட்ட அழகாத்தான் இருக்கும், ஆனா அத வச்சு ஒரு தென்னமட்டைய வெட்டிப் பாருங்க, பிடி கையில நிக்கும், இரும்பு எங்கயாவது போய் விழும். அதனால வேலைக்குன்னு அடிச்ச அருவாள்ல இருந்து ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

நம்ம பக்கம் அருவான்னா திருப்பாச்சேத்தி, மதுரையில இருந்து மானாமதுரை போற வழியில இருக்கு, சிவகங்கை மாவட்டம். பட்டறைக்கே நேரா போயிருங்க. லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டைய வெட்டி உலையில காச்சி அடிச்சதான்னு ஆசாரிகிட்ட கேளுங்க, அந்த இரும்புல கார்பன் அரை சதவீதத்துக்கு மேல இருக்கும், தோச்சல் (காச்சுன இரும்ப முக்கி சட்டுன்னு ஆற வச்சு கெட்டியாக்குறது) நல்லா ஏறும். வெறும் கட்டட கம்பி இரும்புல அடிச்சது பாக்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனா நாலு வெட்டுல வாய், அதாவது வெட்டுற ஓரம், மடங்கிரும்.

கையில வாங்குனதும் முதுகுப் பக்கத்த கண்ணுகிட்ட வச்சு ஒரு கண்ண மூடிட்டு நீளத்துக்கு பாருங்க, முறுக்கு இருந்தா தெரிஞ்சிரும். அப்புறம் பிடிக்குள்ள போற வால் பகுதியப் பிடிச்சு தொங்கவிட்டு ஒரு ஆணியால தட்டுங்க, டிங்குன்னு இழுத்து சத்தம் வரணும், டப்புன்னு செத்த சத்தம் வந்தா உள்ள எங்கயோ விரிசல் இருக்கலாம் (பழைய பட்டை வருசக்கணக்கா லோடு தாங்குனது இல்லையா, சிலதுல முன்னாடியே கீறல் விட்டிருக்கும்). கடைசியா ஆசாரிகிட்ட கேட்டுட்டு வாயில லேசா அரம் போட்டுப் பாருங்க. கண்ணாடி மேல போன மாதிரி வழுக்குனா தோச்சல் ஓவர், கடினமான கட்டையில பட்டா வாய் சில்லு சில்லா போகும். வெண்ணெய் மாதிரி அரம் இறங்குனா தோச்சலே இல்ல. கொஞ்சம் மட்டும் கடிக்கணும், அதுதான் பதம்.

இதுல நான் பட்டது ஒண்ணு. நல்ல அருவா ஒண்ண தெருவுல வந்த சாணை மிஷின்கிட்ட குடுத்தேன், பொறி பறக்க பறக்க தேச்சு குடுத்தாரு, வாய் ஓரமா நீலமா ஒரு கோடு, அழகா இருக்கேன்னு நெனச்சேன்! சூடு ஏறி தோச்சல் எறங்கிருச்சுன்னுதான் அந்த நீலத்துக்கு அர்த்தம். நீலம் ஏறுன இரும்பு தேஞ்சு போற வரைக்கும் கையாலயே தேய்க்கணும், இல்லன்னா மறுபடி உலைக்குத்தான். அதுல இருந்து அரமும் தண்ணி ஊத்துன சாணைக்கல்லும் மட்டும்தான். பனையேறுறவங்க பாளை அருவாள (பாளை சீவுற அருவா) பலகையில கல்லுப்பொடி தூவி தீட்டுறத பாத்திருக்கீங்களா, அந்த கூர்மைக்கு எந்த மிஷினும் வராது.

சேக்கறதுன்னா நீளத்த மட்டும் பாக்காதீங்க. பாளை அருவா, பல்லு வச்ச கதிர் அருவா, கன்னியாகுமரி பக்கத்து வெட்டுக்கத்தின்னு ஒவ்வொண்ணுக்கும் வளைவு வேற, ஏன் அப்படின்னு வேலை செய்யிறவங்ககிட்ட கேட்டாலே பாதி நாள் ஓடிரும்.

சட்டம் பத்தியும் தெரிஞ்சிக்கோங்க. 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருக்குற கத்தி ஆயுத விதிகள்ல ஆயுதமா வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. ஆனா தோப்பே இல்லாதவன் ராத்திரி பைக்ல வீச்சருவாளோட போனா விவசாயம்னு யாரு நம்புவா. 2021ல போலீஸ் பட்டறைகள்ல வாங்குறவங்க பேரு அட்ரஸ் எழுதி வைக்கச் சொன்னாங்க, கேட்டா முகம் சுளிக்காம குடுங்க, பில் வாங்கிக்கோங்க, சாக்குல சுத்திக் கட்டி நேரா வீட்டுக்கு வாங்க. நூறு வருசத்துக்கு மேல பழசுன்னா அது தொல்பொருள் கணக்கு, இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வீட்டுல வைக்கும்போது தோல் உறைக்குள்ளயே விட்டுறாதீங்க, தோல் ஈரத்த இழுத்து துரு பிடிக்க வைக்கும். காஞ்ச துணியால தொடச்சு மெஷின் ஆயில் லேசா தடவி, பூட்டுற பெட்டியில, சின்னப் புள்ளைங்களுக்கு எட்டாத எடத்துல வைங்க. பழைய அருவாள்ல இருக்குற கருப்பு நிறத்த புளி போட்டு தேச்சு எடுத்துறாதீங்க, அது துரு இல்ல, செகப்பா பொடியா உதிருறதுதான் துரு, அத மட்டும் எண்ணெய் தொட்ட நைஸ் கம்பிநார் வச்சு எடுங்க. ஆயுத பூஜை அன்னைக்கு சந்தனம் குங்குமம் வைப்போம்ல, மறுநாளே தொடச்சு எண்ணெய் போட்டுருங்க, என்னோட ஒண்ணுல மூணு பொட்டு அச்சு அப்படியே துருவா நிக்குது.