பசியும் நிறைவும்: ஒரு மதியச் சாப்பாட்டை வைத்துக் குடல் ஹார்மோன்களைக் கவனிப்பது எப்படி?

ஒரு நோட்டு, ஒரு கடிகாரம், வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாடு. இவ்வளவுதான் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சாப்பாட்டு நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம், படித்துவிட்டுப் போங்கள்.

படி 1: சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால்

தினமும் 1 மணிக்குச் சாப்பிடுபவர் என்றால் 12.30க்கே நோட்டை எடுங்கள். பசிக்கு 10க்கு எத்தனை மதிப்பெண்? வயிறு கபகபவென்று எரியும் அந்த நேரத்தில் இரைப்பையின் மேல்பகுதியிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டுபிடித்த ஹார்மோன் இது. வயிறு காலியானால் மட்டும் ஏறுவதில்லை, நாம் பழக்கிய நேரத்துக்கும் ஏறும். அதனால்தான் வேலை மும்முரத்தில் 1 மணியைத் தாண்டிவிட்டால், எதுவும் சாப்பிடாமலே 2.30க்குப் பசி கொஞ்சம் அடங்கிவிடுகிறது. "பசி மரத்துப்போச்சு" என்கிறோமே, அதில் இதற்கும் பங்குண்டு. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பினால் கிரெலின் ஏமாறாது. அதற்குச் சத்து உள்ளே போக வேண்டும்.

படி 2: வரிசையை மாற்றுங்கள்

முதல் நாள் எப்போதும்போல் சாதம், சாம்பார் என்றே தொடங்குங்கள். மறுநாள் அதே அளவுச் சாப்பாடுதான். ஆனால் முட்டையோ சுண்டலோ பொரியலோ முதலில், பத்து நிமிடம் கழித்துச் சாதம்.

கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனினை விடுகின்றன. பெயர் வாயில் நுழையாது, சிசிகே என்போம். பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை இறக்குவது இதுதான். இரைப்பை மளமளவென்று காலியாகாமல் பிடித்துவைப்பதும் இதுதான். கூடவே வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குப் 'போதும்' என்ற தகவலை அனுப்புகிறது. 1973இலேயே எலிகளுக்கு இதை ஊசியாகப் போட்டு, அவை குறைவாகத் தின்பதைக் காட்டிவிட்டார்கள். வெறும் சாதம் சிசிகேயை அவ்வளவாகத் தூண்டாது.

படி 3: மறுசோற்றுக்கு முன் 15 நிமிடம்

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறோம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மதிப்பெண் போடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் எல் செல்களிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு நிறைவு ஹார்மோன்களும் இந்த இடைவெளியில்தான் ரத்தத்தில் ஏறத் தொடங்குகின்றன. பிஒய்ஒய் சில மணி நேரம் நிற்கும். ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிப்போடுகிறது. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைட் ஊசி, ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் அப்படிச் சுலபத்தில் வெட்டுப்படாதபடி மாற்றி அமைத்த மூலக்கூறு. ஆகவே எந்தக் கஷாயத்தையாவது 'இயற்கை ஜிஎல்பி ஊசி' என்று விற்றால் காசை எடுக்காதீர்கள்.

படி 4: மாலை 4 மணி

ஒரே ஒரு மதிப்பெண். முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தூக்கம் குறைந்தால் கிரெலின் கூடக்கூடும்.

என் நோட்டில் சாதம் முதலில் வந்த நாளின் பசி மதிப்பெண்கள்: சாப்பிட்டு முடித்ததும் 4, 15 நிமிடம் கழித்து 2, மாலை 4 மணிக்கு 7. சுண்டல் முதலில் வந்த நாள்: 3, 1, 4. அன்று மாலை பஜ்ஜிக்கடையைத் தாண்டித்தான் வந்தேன். வாசனை வந்தது, ஒன்று மட்டும் வாங்கினேன்.